தவளைக் கருவில் பிட்யூட்டரி: எங்கே தொடங்குகிறது, எப்படிப் பின்தொடர்வது

தவளைக் கருவில் பிட்யூட்டரி சுரப்பியைத் தேடப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் பாலூட்டிகளின் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வாயின் கூரை பை போல மேலே குழிந்து, மூளையிலிருந்து இறங்கி வரும் தண்டைச் சந்திக்கும் அந்தப் படம் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. 1838இல் மார்ட்டின் ராத்கே விவரித்ததால் அந்தப் பைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. தவளைக் கருவில் அப்படி ஒரு பையைத் தேடினால் கிடைக்காது. இங்கே உள்ளே போவது குழிவான பை அல்ல. செல்கள் நெருக்கமாக அடைந்த, நடுவில் வெற்றிடம் இல்லாத ஒரு நாக்கு. அது புறப்படும் இடமும் வாய்க்கூரை அல்ல. வாய் உருவாவதற்கு வெகு முன்பே, மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புத் தட்டின் முன்விளிம்பில் அது தன் இடத்தைப் பிடித்துவிடுகிறது.

இதை முதலில் மனத்தில் பதித்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எல்லாம் எளிதாகும். எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பது ஆப்பிரிக்க நகத்தவளையான ஸெனோபஸ் லேவிஸ். ஆண்டு முழுவதும் முட்டை கிடைக்கும் என்பதும், நியூகூப், ஃபேபர் இருவரும் 1956இல் வெளியிட்ட நிலை அட்டவணை எல்லா ஆய்வகங்களுக்கும் பொது மொழியாக இருப்பதும் இதற்குக் காரணம். கீழே ‘நிலை’ என்று வருவதெல்லாம் அந்த அட்டவணை எண்தான்.

இடம்: நரம்புத் தட்டிலிருந்து மூளையடி வரை

நிலை 14–15இல் கருவை முதுகுப்புறமாகப் பாருங்கள். நரம்புத் தட்டு செருப்பின் அடித்தடம் போலப் பரந்திருக்கும். அதன் ஓரம் முழுக்க ஒரு மேடு. தலைப்பக்கத்தில் இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடும் பகுதிக்கு முன் நரம்பு மேடு என்று பெயர். அந்த மேட்டின் சரிநடுப் பகுதிதான் பிட்யூட்டரியின் முன்கதுப்புக்கும் இடைக்கதுப்புக்கும் மூலம். ஸெனோபஸில் அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் இந்த மேட்டிலிருந்தே வருகின்றன என்பதை ஈகிள்சனும் உடன் பணியாற்றியோரும் 1986இல் காட்டினார்கள்.

இந்தச் சிறு பகுதியின் அண்டை வீடுகளைத் தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம். கத்தி சற்று விலகினால் எது போகும் என்பதை அதுதான் சொல்லும். மேட்டின் நடுவுக்கு இருபுறமும் இருப்பவை நுகர்வு உறுப்புக்கும் முன்மூளைக்கும் போகும் செல்கள். மேட்டுக்கு உடனடியாகப் பின்னால், தட்டின் நடுக்கோட்டில் இருப்பவை மூளையடியிலுள்ள ஹைப்போதலாமஸுக்கும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கும் உரியவை. மேட்டுக்கு வெளியே, வயிற்றுப்புறமாக இருப்பது, கரு ஒட்டிக்கொள்ளப் பசை சுரக்கும் ஒட்டு சுரப்பி ஆகும் தோல். அடியில், தட்டைத் தாங்கியபடி, முதுகுநாணுக்கு (நரம்புக் குழலுக்கு அடியில் ஓடும் தாங்குகோல்) முன்னால் ஒரு திசுத் தகடு உண்டு. ஒரே கண்புலத்தை இடம் வலம் என்று இரண்டாகப் பிரிப்பது அந்தத் தகட்டின் வேலை.

ஆக, பிட்யூட்டரி ஆகப்போகும் செல்களும் அதைப் பின்னாளில் ஆளப்போகும் ஹைப்போதலாமஸ் செல்களும் தொடக்கத்திலேயே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஜப்பானியத் தேரையில் கவாமுராவும் கிகுயாமாவும் செய்த வேலையின் மையக் கருத்தும் இதுதான். இரண்டும் எங்கிருந்தோ வந்து சந்திப்பவை அல்ல. முதலிலிருந்தே ஒரே தொகுதி. இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டால் சீவல்களில் பார்ப்பது எல்லாம் பொருள்படத் தொடங்கும்.

நரம்பு மடிப்புகள் மூடும்போது தலை முன்னே உருண்டு வளைகிறது. தட்டின் முன்னோரமாக இருந்த மேடு, முன்மூளையின் முகப்புக்குக் கீழே, ஒட்டு சுரப்பிக்கு மேலே வந்து சேர்கிறது. ஸெனோபஸில் தோல் ஆகும் புறப்படை ஆரம்பத்திலிருந்தே இரண்டு அடுக்கு. பிட்யூட்டரி மொட்டு அதன் உள் அடுக்கில்தான் தடிக்கிறது. அதனால் வெளியிலிருந்து பார்த்தால் குழி எதுவும் தெரியாது. வெளி அடுக்கு வழவழப்பாக மேலே போர்த்திக்கொண்டிருக்கும். புதியவர்கள் “ஒன்றும் இல்லை” என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு அந்த மொட்டு நாக்கு போல நீண்டு, மேலே மூளையின் அடித்தளம், கீழே முன்குடலின் கூரை, இரண்டுக்கும் இடையிலான குறுகிய இடுக்கில் பின்னோக்கிப் போகிறது. முதுகுநாணின் முன்முனைக்கு அருகே, மூளையடியில் புனல் போல இறங்கும் இன்ஃபண்டிபுலத்தை அதன் நுனி தொட்டு நிற்கிறது. பின்னர் தோலோடு இருந்த தொடர்பு மெலிந்து அறுகிறது. இன்ஃபண்டிபுலத்தை ஒட்டிய பகுதி இடைக்கதுப்பாகிறது, மீதி முன்கதுப்பாகிறது. நரம்புக்கதுப்பு மட்டும் இந்த நாக்கிலிருந்து வருவதல்ல. அது மூளைத்தளமே வளர்ந்து உண்டாவது. வளர்ந்த தவளையில் ‘முன்கதுப்பு’ என்ற பெயர் சற்றுக் குழப்பும். உண்மையில் அது மற்ற கதுப்புகளுக்குக் கீழேயும் பின்னேயும் கிடக்கும். படத்தில் திசை குறிக்கும்போது பெயரை நம்பாமல் முதுகுநாணை வைத்துக் குறியுங்கள்.

நேரக் கணக்கு

22–24 பாகை செல்சியஸில், கருவுற்ற நேரத்திலிருந்து எண்ணினால் நிலை 14 வருவது சுமார் 16 மணி நேரத்தில். நிலை 15க்கு 17½ மணி, நரம்புக் குழல் மூடிய நிலை 20க்கு ஏறத்தாழ 22 மணி, வால்மொட்டு நிலை 25க்கு 27½ மணி, நிலை 28க்கு 32½ மணி. முட்டையுறையிலிருந்து வெளிவரும் 35/36ஆம் நிலைக்கு 50 மணி. அப்போது நீளம் 5.3–6 மில்லிமீட்டர். நிலை 40 வர 66 மணி, உணவு உண்ணத் தொடங்கும் நிலை 45 வர நான்கு நாளும் சற்றுக் கூடுதலும். 16 பாகையில் வைத்தால் வளர்ச்சி ஏறக்குறைய பாதி வேகத்துக்கு வந்துவிடும். நள்ளிரவில் வரவேண்டிய நிலை 15ஐ மறுநாள் காலைக்குத் தள்ள இது நல்ல வழி. ஒரே குஞ்சுத் தொகுதியைப் பிரித்து 16, 18, 23 பாகைகளில் வைத்தால் ஒரே நாளில் மூன்று வெவ்வேறு கட்டங்கள் கையில் இருக்கும். 14க்குக் கீழே இறக்க வேண்டாம். 24க்கு மேலே ஏற்ற வேண்டாம்.

மணிக்கணக்கு வழிகாட்டி மட்டுமே. நிலையை முடிவு செய்ய வேண்டியது உங்கள் கண். ஒரே தட்டிலுள்ள கருக்களே அரை நிலை, ஒரு நிலை முன்பின்னாக இருக்கும்.

கருக்களைத் தயார் செய்தல்

தவளையும் தலைப்பிரட்டையும் முதுகெலும்பிகள். உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். தானாக உண்ணத் தொடங்கிய தலைப்பிரட்டைகளுக்கு விதிகள் பல இடங்களில் இன்னும் கடுமை.

பெண் தவளைக்கு எச்சிஜி ஹார்மோன் 500–800 அலகு, முதுகு நிணப்பையில் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. 12–16 மணி நேரம் கழித்து முட்டை கிடைக்கும். விந்தகக் கலவையோடு சேர்த்து, சில நிமிடம் கழித்து எம்எம்ஆர் என்ற உப்புக் கரைசலை 0.1 மடங்கு செறிவில் ஊற்றுங்கள். 20–30 நிமிடத்தில் கருவுற்ற முட்டைகள் எல்லாம் கருமைப் பக்கம் மேலே வரும்படி உறைக்குள் சுழன்றுவிடும். எம்எம்ஆரின் முழுச் செறிவு: சோடியம் குளோரைடு 100, பொட்டாசியம் குளோரைடு 2, மெக்னீசியம் சல்பேட் 1, கால்சியம் குளோரைடு 2, ஹெப்பெஸ் 5 மில்லிமோலார், பிஎச் 7.4–7.8. வளர்ப்புக்கு அதைப் பத்தில் ஒன்றாக நீர்த்து, ஜென்டாமைசின் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் சேர்த்தால் போதும்.

வழுவழுப்பான கூழ் உறையைக் கரைக்க 2 சதவீத சிஸ்டீன், பிஎச் 7.8–8.0. சிஸ்டீனை எடைபோட்டு நீரில் கரைத்ததும் அது அமிலமாக இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து உயர்த்த மறந்தால் உறை கரையவே கரையாது. மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருங்கள். 3–5 நிமிடத்தில் முட்டைகள் ஒன்றோடொன்று இடிக்கும்படி நெருங்கி உட்காரும், அதுதான் அடையாளம். உடனே நான்கைந்து முறை கழுவிவிடுங்கள். சிஸ்டீனில் கூடுதல் நேரம் கிடந்த கருக்கள் அப்போது நன்றாகத் தெரியும், பிளவுறும்போது சிதையும். இறந்த கருவை ஒவ்வொரு சில மணி நேரத்துக்கும் எடுத்துவிட வேண்டும். ஒரு வெளுத்த முட்டை ஒரு தட்டையே கெடுத்துவிடும்.

நிறமுள்ள கருவா, நிறமியற்ற வகையா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு மரபணுவின் ஆர்என்ஏ உள்ள செல்களை நிறமாக்கிக் காட்டும் மரபணுச் சாயம் மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் நிறமியற்றவை வசதி. சுரப்பி வேலை செய்கிறதா என்பதை நிறத்தை வைத்து அளக்கப் போகிறீர்கள் என்றால் நிறமுள்ளவை கட்டாயம்.

சீவலில் நாக்கைப் பிடித்தல்

முதல் முயற்சிக்கு நிலை 20, 25, 28, 32, 35/36, 40 என்ற வரிசை போதும். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து கரு. கருவைச் சுற்றிய மெல்லிய வைட்டலின் உறையை இடுக்கியால் உரித்த பிறகே நிலைநிறுத்துங்கள் (அதாவது, வேதிக்கரைசலில் இட்டுத் திசுவை அப்படியே இறுக வையுங்கள்). உறையோடு நிலைநிறுத்தினால் வால்மொட்டுக் கரு வளைந்தே இறுகிவிடும். அப்புறம் நடுக்கோட்டுச் சீவல் என்பது கனவுதான்.

உருவமைப்பு மட்டும் போதுமென்றால் நிலைநிறுத்தப் பூவான் கரைசல் நல்லது. மரபணுச் சாயமும் வேண்டுமென்றால் மெம்ஃபா: மோப்ஸ் 100 மில்லிமோலார், ஈஜிடிஏ 2, மெக்னீசியம் சல்பேட் 1, ஃபார்மால்டிஹைடு 3.7 சதவீதம், பிஎச் 7.4. அறை வெப்பத்தில் 1–2 மணி நேரம். பிறகு மெத்தனாலுக்கோ எத்தனாலுக்கோ மாற்றி மைனஸ் 20 பாகையில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. ஃபார்மால்டிஹைடைப் புகைப்பெட்டிக்குள் மட்டுமே கையாளுங்கள்.

பாரஃபின் மெழுகில் பதிக்கும்போது இந்த வயதுக் கருக்கள் ஒரு தொல்லை தரும். செல் ஒவ்வொன்றிலும் மஞ்சள்கருத் துணுக்குகள் நிறைந்திருப்பதால், ஆல்கஹாலிலும் சைலீனிலும் அதிக நேரம் கிடந்தால் கரு மண்ணாங்கட்டி போல நொறுங்கும். சீவல் பிளந்து, நடுவிலுள்ள மொட்டு மட்டும் உதிர்ந்து போகும். ஒவ்வொரு படியையும் சுருக்குங்கள். சைலீனில் கரு ஒளி ஊடுருவும்படி தெளிந்ததும் எடுத்துவிடுங்கள். சீவல் தடிமன் 8–10 மைக்ரோமீட்டர்.

வெட்டும் திசை நெடுக்காக, நடுக்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். குறுக்குச் சீவலில் பிட்யூட்டரி மொட்டு மூளைக்கும் குடலுக்கும் நடுவே ஒரு சிறு செல்கூட்டமாகத்தான் தெரியும். எது அது என்று பழகிய கண்ணுக்கே சந்தேகம் வரும். நெடுக்குச் சீவலில் எல்லாம் ஒரே படத்தில் வரும். சரியான சீவல் எது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. முதுகுநாண் நுனிவரை உடையாமல் தெரிகிறதா? ஒட்டு சுரப்பியின் உயரமான செல்கள் தெரிகின்றனவா? மூளையடியில் இன்ஃபண்டிபுலம் பின்னோக்கிச் சரிந்து இறங்குகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நீங்கள் நடுக்கோட்டில் இருக்கிறீர்கள். ஒட்டு சுரப்பிக்கு மேலிருந்து முதுகுநாண் நுனியை நோக்கி மனத்தால் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் மீது கிடக்கும் அடர்ந்த செல்நாடாதான் தேடிய நாக்கு. மொட்டு நடுக்கோட்டில் மிகக் குறுகலானது. சில சீவல்களுக்குள் தோன்றி மறைந்துவிடும். ஆகவே ஒரு சீவலைக்கூடத் தூக்கி எறியாமல் வரிசையாகக் கண்ணாடியில் ஏற்றுங்கள்.

முன்குடலின் கூரைச் செல்களோடு குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நேரும் பிழை. வேறுபடுத்த மஞ்சள்கரு உதவும். குடலாகும் அகப்படைச் செல்கள் பெரியவை. பெரிய மஞ்சள்கருத் துணுக்குகள் நிறைந்தவை. மொட்டின் செல்கள் சிறியவை. உட்கரு நெருக்கமாக, கருமையாகச் சாயமேறும்.

மரபணுச் சாயம்: எதை எப்போது

எந்த மரபணு எந்த வயதுக்கு என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். தட்டு நிலையில் முன்மேட்டுப் பகுதியைக் காட்டப் பொருத்தமானது ஹெஸ்எக்ஸ்1 குடும்பம். பழைய கட்டுரைகளில் எக்ஸ்ஏஎன்எஃப் என்று இருக்கும். பிட்எக்ஸ்1 பிட்யூட்டரியில் மட்டுமன்றி ஒட்டு சுரப்பியிலும் வாய்க்குழியிலும் பலமாக வெளிப்படுகிறது. முழுக்கரு படத்தில் தலைமுன் முழுதும் நீலமாகத் தெரிந்தால் அது பிட்யூட்டரி என்று எழுதிவிடாதீர்கள். சீவிப் பார்த்த பிறகே சொல்லலாம். எல்எச்எக்ஸ்3 மொட்டைத் தெளிவாகக் காட்டும். ஆனால் பினியல், விழித்திரை, தண்டுவடத்திலும் வரும். அது ஒரு வகையில் வசதியும்கூட. தண்டுவடத்தில் நிறம் வந்து மொட்டில் வரவில்லை என்றால் சாயம் வேலை செய்திருக்கிறது, மொட்டுதான் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

ஹார்மோன் வேலையைத் தொடங்கிவிட்ட செல்லைக் காட்டுவது பிஓஎம்சி. ஏசிடிஎச்சும் நிறத்தைக் கருக்கச் செய்யும் ஆல்ஃபா எம்எஸ்எச்சும் இந்த ஒரே மூலப்புரதத்தை வெட்டித்தான் கிடைக்கின்றன. ஸெனோபஸ் பிட்யூட்டரியில் முதலில் விழித்துக்கொள்வது இந்தச் செல்கள்தான். வால்மொட்டுக் கட்டத்திலேயே அதன் ஆர்என்ஏ தென்படத் தொடங்குகிறது. என்றாலும் புதியவர் முதல் முறை 35/36 அல்லது 40ஆம் நிலையில் செய்து, நல்ல நீலப்புள்ளி எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு இளைய கருக்களுக்கு வரட்டும். ஸெனோபஸ் லேவிஸ் நான்மடி மரபணுத்தொகுதி கொண்டது. பிஓஎம்சிக்கு இரண்டு நகல் உண்டு. சாயத்துக்காக ஆர்என்ஏவோடு ஒட்டவைக்கும் ஆய்வுத் துண்டை இரண்டுக்கும் பொதுவான பகுதியிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

நிறமுள்ள கருவைச் சாயம் முடிந்த பின் வெளுக்க: ஹைட்ரஜன் பெராக்சைடு 1 சதவீதம், ஃபார்மமைடு 5 சதவீதம், 0.5 மடங்கு எஸ்எஸ்சி. பளிச்சென்ற விளக்கின் கீழ் 1–2 மணி நேரம். இந்தக் கலவையில் குமிழி எழும். குப்பியின் மூடியை இறுக்க மூடாதீர்கள்.

செல்கள் எங்கிருந்து எங்கே போயின என்று காட்ட விரும்பினால் டைஐ சாயம். மேட்டின் நடுவில், உள் அடுக்கைத் தொடும் ஆழத்தில், மிகச் சிறு புள்ளியாக வையுங்கள். டைஐ கொழுப்பில் தங்குவது. மெத்தனாலில் கரைந்து ஓடிவிடும். அப்படிக் குறியிட்ட கருவைப் பாராஃபார்மால்டிஹைடில் மட்டும் நிலைநிறுத்தி, ஆல்கஹால் பக்கமே கொண்டுபோகாமல் பாருங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், ஒளிரும் டெக்ஸ்ட்ரானை இரண்டு செல் நிலையிலேயே செலுத்தி வளர்த்த கருவிலிருந்து முன்மேட்டை எடுத்து, சாயமற்ற கருவில் அதே இடத்தில் பதியன் வைக்கலாம்.

அகற்றிப் பார்த்தல்

இந்தத் துறையின் அடித்தளச் சோதனை இது. 1916இல் பி. இ. ஸ்மித், பி. எம். ஆலன் இருவரும் தனித்தனியே தவளைக் கருவிலிருந்து பிட்யூட்டரி மொட்டை அகற்றினார்கள். கிடைத்தவை வெள்ளி போல வெளிறிய தலைப்பிரட்டைகள். அவற்றின் தைராய்டு வளராமல் சிறுத்தது. அவை தவளையாக மாறவே இல்லை. தைராய்டையும் நிறத்தையும் ஆள்வது இந்தச் சுரப்பி என்பதற்கு இவ்வளவு கண்கூடான சான்று வேறு கிடைப்பது அரிது. இன்றும் இதை ஒரு முறை கையால் செய்து பார்த்தவர்தான் மொட்டின் இருப்பிடத்தை உண்மையில் அறிந்தவர்.

தேவையானவை: 5ஆம் எண் கூர்முனை இடுக்கி இரண்டு, புருவமுடிக் கத்தி, முடி வளையம், கூராக்கிய டங்ஸ்டன் ஊசி, 1–2 சதவீத அகரோஸ் பூசிய பெட்ரி தட்டு. அகரோஸ் இறுகும் முன் அதில் கருவின் அளவுக்குச் சிறு குழிகள் செய்துவிடுங்கள். கரு உருளாமல் நிற்கும். கருவியெல்லாம் ஆல்கஹாலில் துடைத்தவையாக இருக்கட்டும்.

வெட்டும் கரைசல் 1 மடங்கு எம்எம்ஆர். நீர்த்த கரைசலில் வெட்டினால் காயத்தின் ஓரம் மூடாமல் விரிந்து, செல்கள் வெளியே சிந்திக்கொண்டே இருக்கும். உப்பும் கால்சியமும் போதிய அளவு இருந்தால் 15–30 நிமிடத்தில் ஓரங்கள் கூடிவிடும். அதற்காக நாள் முழுக்க அதிலேயே விட்டுவிடக் கூடாது. காயம் மூடியதும் முதலில் பாதிச் செறிவு, பிறகு 0.1 மடங்கு என்று இறக்குங்கள். ஜென்டாமைசின் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்.

எப்போது வெட்டுவது? இரண்டு வாய்ப்புகள் உள்ளன. நிலை 15இல் முன்மேட்டின் நடுத்துண்டை எடுப்பது ஒன்று. வால்மொட்டுக் கட்டத்தில், ஒட்டு சுரப்பிக்கு மேலே கீறி, உள் அடுக்கில் தடித்த மொட்டை வெளியே எடுப்பது இன்னொன்று. ஸ்மித் தேர்ந்தெடுத்ததும் வால்மொட்டுக் கட்டமே. தொடங்குபவருக்கு முதலாவதையே பரிந்துரைப்போம். மேடு கண்ணுக்குத் தெரிகிறது. எங்கே வெட்டுகிறோம் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் நிலை 14க்கு முன்னால் கை வைக்காதீர்கள். அவ்வளவு இளம் திசுவில் அண்டைச் செல்கள் இடத்தை நிரப்பி, இழந்ததை ஈடுகட்டிவிடும். அகற்றியும் அகற்றாதது போல ஒரு முடிவு வரும்.

கருவைத் தலை உங்கள் பக்கம் இருக்கும்படி குழியில் வையுங்கள். வைட்டலின் உறையை வயிற்றுப்புறத்தில் பிடித்துக் கிழியுங்கள். தலைப்பக்கம் கிழித்தால் மேடு கசங்கும். குறுக்கு மேட்டின் நடுவைத் தீர்மானித்து, இடமும் வலமும் இரண்டு சிறு கீறல். பிறகு முன்னோரத்திலும் பின்னோரத்திலும் இணைத்து, சுமார் 150 மைக்ரோமீட்டர் அகலமுள்ள துண்டைத் தூக்குங்கள். கரு முழுதுமே ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான்; எனவே அதன் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆழம் புறப்படையோடு நிற்க வேண்டும். அடியிலுள்ள திசு வேறு நிறத்தில், தளர்வாகத் தெரியும். அது தெரிந்ததும் கை நிற்கட்டும்.

நிலை 25க்குப் பிறகு கரு துடிக்கும். அப்போது செய்வதானால் எம்எஸ்-222 மயக்கமருந்து 0.02 சதவீதம். சோடியம் பைகார்பனேட்டால் பிஎச்சை 7.4க்குக் கொண்டுவந்த பிறகே பயன்படுத்துங்கள். அந்த மருந்து தன்னளவில் அமிலமானது. நடுநிலையாக்காமல் விட்டால் தோல் வெந்துவிடும்.

தவறு நடந்தால் கருவே சொல்லும். ஒற்றைக் கண் அல்லது ஒட்டிய இரு கண்களோடு தலை குறுகினால், ஆழமாக வெட்டி அடித்தகட்டைக் குலைத்திருக்கிறீர்கள். நாசிக்குழி ஒரு பக்கம் இல்லையென்றால் துண்டு பக்கவாட்டில் நீண்டுவிட்டது. ஒட்டு சுரப்பி சிறுத்தால் முன்னோரம் அதிகமாகப் போய்விட்டது. வெள்ளைத் தட்டில் வைத்தாலும் வெளிறாமல் கருத்தே இருக்கும் தலைப்பிரட்டை வந்தால் அது மிகப் பாடம் தரும் பிழை: பிட்யூட்டரி இருக்கிறது, அதை அடக்கும் கண்ணோ ஹைப்போதலாமஸோ கெட்டிருக்கிறது. இடைக்கதுப்பின் மீது மூளையின் பிடி என்பது பெரும்பாலும் தடுக்கும் பிடி. அதனால்தான் மூளையிலிருந்து பிரித்து உடலின் வேறிடத்தில் பதியன் வைத்த பிட்யூட்டரி, நிற்காமல் எம்எஸ்எச்சைச் சுரந்து விலங்கைக் கருப்பாகவே வைத்திருக்கிறது.

ஒப்பீட்டுக் கருக்கள் இல்லாமல் எந்த முடிவும் செல்லாது. ஒரு தொகுதிக்குத் துண்டை வெட்டி எடுத்து அதே இடத்தில் திரும்ப வையுங்கள். இன்னொரு தொகுதிக்கு அதே அளவுத் துண்டை வயிற்றுத் தோலிலிருந்து எடுங்கள். மூன்றாவது, தொடாத கருக்கள். வெட்டிய கருவில் ஒரு பகுதியை நிலை 40இல் நிலைநிறுத்தி, பிஓஎம்சி சாயமிட்டு, மொட்டு உண்மையில் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். நிறத்தை மட்டும் நம்பினால், பாதி எடுத்த கருக்களும் முழுதாக எடுத்தவையும் கலந்துவிடும். சிறு எச்சம்கூட வளர்ந்து வேலை செய்யக்கூடியது.

நிறத்தை அளத்தல்

தோலிலுள்ள கருநிறமிச் செல்களில் மெலனின் துகள்கள் நடுவில் குவிந்தால் உடல் வெளிறும். கிளைகள் முழுக்கப் பரவினால் கருக்கும். பரப்புவது ஆல்ஃபா எம்எஸ்எச். இதை அளக்க ஹாக்பென், ஸ்லோம் இருவரும் 1931இல் தந்த ஐந்து படிக் குறியீடு இன்றும் போதுமானது: 1 என்றால் புள்ளி, 5 என்றால் வலைபோல முழுப் பரவல்.

நிலை 42–45 தலைப்பிரட்டைகளைக் கருப்பு அடியுள்ள தட்டிலும் வெள்ளை அடியுள்ள தட்டிலும் பிரித்து, மேலிருந்து சீரான வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். இயல்பானவை கருப்பில் 4–5 காட்டும். வெள்ளையில் 1–2க்கு இறங்கும். பிட்யூட்டரி இல்லாதவை கருப்புத் தட்டிலும் புள்ளியாகவே நிற்கும். நிலை 40க்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். கண்ணிலிருந்து இடைக்கதுப்புக்குச் செல்லும் பாதை அதற்கு முன் முழுமையாக இயங்குவதில்லை. எல்லாமே கருப்பாக இருக்கும், நீங்கள் பிட்யூட்டரி நலமாக இருப்பதாகவும் கண் வேலை செய்யவில்லை என்றும் தவறாக எழுதுவீர்கள்.

இரண்டு பொறிகள் இங்கே உண்டு. முதலாவது, இருட்டு. விளக்கை அணைத்தால் தலைப்பிரட்டையின் உடல் வெளிறும். அது பிட்யூட்டரியால் அல்ல, பினியல் சுரக்கும் மெலட்டோனினால். தட்டை அலமாரிக்குள் வைத்துவிட்டுப் பிறகு எடுத்துப் பார்த்த கணக்கு எல்லாம் வீண். இரண்டாவது, வால். வால்துடுப்பின் நிறமிச் செல்கள் நேரடியாக ஒளியை உணர்பவை. இருட்டில் அவை உடலுக்கு நேர்மாறாகப் பரவிக் கருக்கின்றன. எனவே எப்போதும் தலையின் மேற்புறத்தில், இரு கண்களுக்கு நடுவிலுள்ள பகுதியில் எண்ணுங்கள். ஒரு விலங்குக்குப் பத்து செல்லாவது. தட்டு எது என்று தெரியாத ஒருவர் படங்களைப் பார்த்து மதிப்பெண் தருவது நல்லது.

வெளிறிய தலைப்பிரட்டையின் நிறமிச் செல்களே கெட்டுப்போனதால் வெளிறியதோ என்ற கேள்வி எழும். ஒரு துண்டுத் தோலை வெட்டி ஆல்ஃபா எம்எஸ்எச் 10⁻⁷ மோலார் கரைசலில் இடுங்கள். சிறிது நேரத்தில் துகள்கள் பரவினால் செல் நலம், குறை ஹார்மோனில்தான்.

அதற்குப் பிறகு

பிஓஎம்சி செல்கள் முதல் மூன்று நாளுக்குள் எழுந்துவிட்டாலும் சுரப்பி அங்கே முடிந்துவிடவில்லை. தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச்சின் ஆட்சி வாரக்கணக்கில் கழித்து, பின்னங்கால்கள் வேகமாக வளரும் கட்டத்தில்தான் ஏறுகிறது. மூளை தன் செய்திகளை முன்கதுப்புக்கு இரத்தம் வழியாக அனுப்பும் நடுமேடும் அதே காலத்தில்தான் முதிர்கிறது. தலைப்பிரட்டையில் டிஎஸ்எச்சைத் தூண்டுவதில் முதன்மையானது பாலூட்டிகளில் அந்த வேலையைச் செய்யும் டிஆர்எச் என்ற மூளை ஹார்மோன் அல்ல, ஏசிடிஎச்சைத் தூண்டும் சிஆர்எச். பாலூட்டிப் பாடத்தை அப்படியே கொண்டுவருபவர்கள் தவறான ஹார்மோனைச் செலுத்திக் காத்திருக்கும் இடம் இது.

அகற்றிய கருக்களை இந்தக் கட்டம்வரை வளர்க்க நினைத்தால் இடம் தாராளமாக வேண்டும். சாதாரண வளர்ப்பில் முன்னங்கால்கள் வெளிவரும் நிலை 58 ஏறத்தாழ 44 நாளில், வால் முற்றிலும் கரைந்த நிலை 66 ஏறத்தாழ 58 நாளில் வரும். நெருக்கமும் குறை உணவும் இயல்பானவற்றையே பின்தங்க வைக்கும். ஆகவே அகற்றியவற்றையும் ஒப்பீட்டுத் தொகுதியையும் ஒரே எண்ணிக்கையில், ஒரே அளவு நீரில் வையுங்கள். மாறாமல் நின்றுவிட்ட வெளிறிய தலைப்பிரட்டைகளை T3 என்ற தைராய்டு ஹார்மோன் 5–10 நேனோமோலார் கலந்த நீரில் விட்டால் திசுக்கள் உருமாறத் தொடங்கும். நீரை ஒன்று விட்டு ஒரு நாள் மாற்றி ஹார்மோனைப் புதிதாகக் கலக்க வேண்டும். நிறம் மட்டும் அப்போதும் திரும்பாது, ஏனெனில் T3 தைராய்டின் வேலையை ஈடுசெய்கிறதே தவிர இடைக்கதுப்பின் வேலையை அல்ல. ஒரே விலங்கில் கால் வளர்வதையும் தோல் வெளிறியே நிற்பதையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.